சாம்வைஸ் காம்ஜி: ஒரு துணைப் பாத்திரத்தின் நாயகப் பயணம்

சாம்வைஸ் காம்ஜி (சுருக்கமாக சாம்) என்பவன் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் மிகுபுனைவுப் புதினத்தில் வரும் ஒரு துணைக் கதாபாத்திரம். கதையின் நாயகனாகிய ஃபுரோடோ பேகின்ஸின் வீட்டுத் தோட்டக்காரனாக அறிமுகமாகும் இவன், பணியாளாக அவனுடன் புறப்பட்டு, அவனது பயணத்தைக் கடைசி அடி வரை காப்பவனாக வளர்கிறான். இப்புதினம் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

கதையின் தொடக்கத்தில் யாரும் பெரிதாக எண்ணாத ஒருவன், முடிவில் அந்தக் கதையே யாருடையது என்று கேட்க வைக்கிறான். மிகுபுனைவு இலக்கியத்தில் துணைப் பாத்திரம் ஒன்று நாயகத் தன்மை பெறுவதற்கு மிக அதிகமாக எடுத்துக்காட்டப்படும் பாத்திரங்களுள் சாமும் ஒருவன். அவனது பயணத்தின் படிநிலைகளையும், அதில் அவன் செய்த ஒரு பெருந்தவறையும், அவன் பெற்ற மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கதைச் சுருக்கம்

மத்திய பூமி என்னும் கற்பனை உலகில், சவுரோன் என்னும் இருள் ஆற்றல் உருவாக்கிய மோதிரம் ஒன்று ஃபுரோடோவிடம் வந்து சேர்கிறது. அதை அணிபவர் மற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனால் அது தன்னை வைத்திருப்பவரின் மனத்தைச் சிறிது சிறிதாக அடிமைப்படுத்தும். சவுரோனின் நாடாகிய மோர்டோரில் உள்ள டூம் மலை என்னும் எரிமலையின் நெருப்பில் இட்டால் மட்டுமே அதை அழிக்க முடியும். அந்தப் பொறுப்பை ஏற்கும் ஃபுரோடோ, ஹாபிட் இனத்தைச் சேர்ந்தவன். ஹாபிட்டுகள் உருவத்தில் சிறியவர்கள். உழவு, உணவு, விருந்து என அமைதியாக வாழ்பவர்கள். அவர்களது நாடு ஷயர் எனப்படுகிறது. சாமும் இந்த இனத்தவன்.

பெயரும் உருவாக்கமும்

'சாம்வைஸ்' என்னும் பெயர் பழைய ஆங்கிலத்தில் 'அரை அறிவுடையவன்' அல்லது 'வெகுளி' என்று பொருள்படும். அவனுடைய தந்தை ஹாம்ஃபாஸ்டின் பெயருக்கு 'வீட்டோடு இருப்பவர்' என்பது பொருள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்த டோல்கீன், இப்பெயர்களைப் பொருள் தெரிந்தே சூட்டினார். வீட்டை விட்டு நகராதவரின் மகன் உலகின் கடைக்கோடி வரை போய் வருகிறான். 'வெகுளி' என்று பெயர் பெற்றவன், அறிவாளிகள் தடுமாறும் இடத்தில் தெளிவாக நிற்கிறான்.

'காம்ஜி' என்னும் குடும்பப் பெயர் டோல்கீன் சிறுவயதில் வாழ்ந்த பர்மிங்காம் பகுதியில் இருந்து வந்தது. அங்கே காயங்களுக்குக் கட்டுப் போடும் பஞ்சு வகை ஒன்று, அதை உருவாக்கிய மருத்துவரின் பெயரால் 'காம்ஜி' என்றே அழைக்கப்பட்டது. புதினம் வெளிவந்த பின், 1956இல், சாம் காம்ஜி என்றே உண்மையில் பெயர் கொண்ட ஒருவர் டோல்கீனுக்குக் கடிதம் எழுதினார். டோல்கீன் அவருக்கு மூன்று பாகங்களையும் கையொப்பமிட்டு அனுப்பினார்.

இப்பாத்திரத்தின் வேர் முதல் உலகப் போரில் உள்ளது. டோல்கீன் 1916இல் பிரான்சில் நடந்த சோம் போரில் பிரித்தானியப் படையின் தகவல் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றினார். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு, அவ்வாண்டின் இறுதியில் நாடு திரும்பினார். அந்தப் படையில் ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு சாதாரணச் சிப்பாய் உதவியாளாக இருப்பார். அதிகாரியின் உடை, உணவு, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் அவரே கவனிப்பார். அப்படிப்பட்ட சிப்பாய்களையும் உதவியாளர்களையும் மனத்தில் கொண்டே சாமைப் படைத்ததாகவும், அவர்கள் தம்மைவிட மிக உயர்ந்தவர்கள் என்று கருதியதாகவும் டோல்கீன் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார்.

நாயகப் பயணம் என்னும் அமைப்பு

அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட 'ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்' என்று பொருள்படும் நூலில், உலகின் பல தொன்மக் கதைகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு என்றார். நாயகன் தன் ஊரை விட்டுப் புறப்படுகிறான்; அறியாத உலகில் சோதனைகளைக் கடந்து மாற்றம் பெறுகிறான்; பெற்ற பயனுடன் ஊர் திரும்புகிறான். புறப்பாடு, மாற்றம், திரும்புதல் என்னும் இந்த மூன்றுமே 'நாயகப் பயணம்' எனப்படுகின்றன.

இந்த அமைப்பை ஃபுரோடோவுக்குப் பொருத்திப் பார்த்தால் இறுதிப் பகுதி பொருந்துவதில்லை. அவன் ஊர் திரும்பினாலும் அங்கே வாழ முடிவதில்லை. சாமுக்கோ மூன்று பகுதிகளும் முழுமையாகப் பொருந்துகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொன்ம நாயகனுக்கு அழைப்பு அவன் பெயருக்கே வரும். சாமுக்கு வந்த அழைப்போ வேறொருவருக்கு வந்தது. அவன் அதை ஒட்டுக் கேட்டவன்.

புறப்பாடு

மந்திரவாதி கேண்டால்ஃப் மோதிரத்தின் வரலாற்றை ஃபுரோடோவுக்குச் சொல்லும்போது, சன்னலுக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த சாம் அதைக் கேட்டுவிடுகிறான். கேண்டால்ஃப் அவனைப் பிடித்து உள்ளே இழுக்கிறார். தண்டனையாக அவன் ஃபுரோடோவுடன் செல்லவேண்டும் என்று தீர்ப்பாகிறது. எல்ஃப் இனத்தாரைப் பார்க்கப் போகிறோம் என்ற மகிழ்ச்சியில் சாம் துள்ளிக் குதிக்கிறான், அழவும் செய்கிறான்.

சாம் எழுத்தறிவு பெற்றதும் இந்தப் பயணத்துக்கு ஒரு முன்னேற்பாடு போன்றது. ஃபுரோடோவின் வளர்ப்புத் தந்தை போன்றவரான பில்போ, தோட்டக்காரரின் மகனுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார், பழங்கதைகளையும் சொல்லியிருந்தார். இதனால் என்ன கேடு விளையுமோ என்று தந்தைக்கு ஒரு கவலை இருந்தது. வழியில் மற்றவர்கள் எதிர்பாராத நேரத்தில் சாம் ஒரு பழம்பாடலைச் சொல்லும்போது, அவன் உள்ளே எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறான் என்று தெரியவருகிறது.

பயணத்தின் முதல் சில நாட்களிலேயே எல்ஃப் இனத்தாரைச் சாம் நேரில் சந்திக்கிறான். அவனது ஆசை நிறைவேறிவிட்டது. இனியும் வர விருப்பமா என்று ஃபுரோடோ கேட்கிறான். மலைகளையோ புதுமைகளையோ காண்பதற்காகத் தான் வரவில்லை என்றும், முடிவதற்குள் தான் செய்யவேண்டிய காரியம் ஒன்று முன்னே இருக்கிறது என்றும், அது இன்னதென்று தெரியவில்லை என்றும் சாம் பதில் சொல்கிறான். வேடிக்கை பார்க்கப் புறப்பட்டவன் பொறுப்பை ஏற்கும் இடம் இது.

பின்னர் ரிவெண்டல் என்னும் இடத்தில் எல்ராண்டின் அவை கூடுகிறது. சாமுக்கு அழைப்பில்லை. இருந்தும் ஒரு மூலையில் வந்து அமர்ந்திருக்கிறான். ஃபுரோடோ பொறுப்பேற்றவுடன், அவனைத் தனியே அனுப்பக்கூடாது என்று எழுந்து கேட்கிறான். ஒன்பது பேர் கொண்ட குழுவில் சாமுக்கு இடம் கிடைப்பது இப்படித்தான்.

சிறு பொருள்களும் பெரும் பயணமும்

சாமின் இயல்பை டோல்கீன் பொருள்களின் வழியே காட்டுகிறார். அவன் மூட்டையில் சமையல் பாத்திரங்கள் இருக்கின்றன. சிறு பெட்டியில் உப்பு இருக்கிறது. கயிறு எடுத்துவர மறந்ததை எண்ணி வருந்துகிறான். பின்னர் எல்ஃப் நாட்டில் கயிறு கிடைத்ததும் மகிழ்கிறான். செங்குத்தான பாறையில் இறங்க அந்தக் கயிறே உதவுகிறது. வழியில் வாங்கிய பில் என்னும் மட்டக்குதிரையை மோரியா சுரங்க வாயிலில் விட நேரும்போது கண்ணீர் விடுகிறான். போர்வீரர்கள் வாளைப் பற்றி எண்ணும்போது அடுத்த வேளை உணவைப் பற்றி எண்ணுபவன் அவன்.

எல்ஃப் அரசி கலாட்ரியலின் நாட்டில் நீர்க்கண்ணாடியில் சாம் ஒரு காட்சியைக் காண்கிறான். ஷயரில் மரங்கள் வெட்டப்படுகின்றன. முதிய தந்தை தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நிற்கிறார். உடனே ஊருக்குத் திரும்பவேண்டும் என்று துடிக்கிறான். ஆனால் சற்று நேரத்தில், திரும்பினால் ஃபுரோடோவுடன் நீண்ட வழியாகவே திரும்புவேன் என்று உறுதி கொள்கிறான். சொந்தக் குடும்பத்தின் துன்பம் தெரிந்த பிறகும் தொடர்வதால், அவனது தொண்டு இங்கே முழு விலை பெறுகிறது.

குழு சிதறும்போது, யாரையும் ஆபத்துக்கு உள்ளாக்க விரும்பாத ஃபுரோடோ தனியே படகில் கிளம்புகிறான். மற்றவர்கள் காட்டில் தேடி ஓட, ஃபுரோடோ என்ன நினைத்திருப்பான் என்று சிந்திப்பவன் சாம் ஒருவனே. நீந்தத் தெரியாத அவன் ஆற்றில் பாய்கிறான். ஃபுரோடோ அவனை மேலே இழுக்கிறான். அதன்பின் இருவரும் ஒன்றாகவே செல்கிறார்கள்.

இத்திலியன் காட்டில், தெற்கு நாட்டுப் போர்வீரன் ஒருவன் இறந்து சாமின் அருகில் விழும் காட்சி சிறியது, ஆனால் முக்கியமானது. அவன் எதிரிப் படையைச் சேர்ந்தவன். அவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யோ மிரட்டலோ அவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று சாம் எண்ணுகிறான். முகம் தெரியாத எதிரியிடம் இரக்கம் கொள்ளும் இவனுக்கு, தினமும் முகம் பார்க்கும் ஒருவனிடம் இரக்கம் கொள்ள முடியவில்லை. அந்த ஒருவன் கோல்லம்.

கோல்லமும் சாமின் தவறும்

கோல்லம் ஒரு காலத்தில் ஹாபிட்டுகளைப் போன்ற இனத்தவன். நெடுங்காலம் மோதிரத்தை வைத்திருந்து, அதனால் உருக்குலைந்து போனவன். ஃபுரோடோவும் சாமும் அவனைப் பிடித்து வழிகாட்டியாக்கிக்கொள்கிறார்கள். மோதிரத்தின் சுமையைத் தானும் அறிந்த ஃபுரோடோ அவனிடம் இரக்கத்துடன் நடக்கிறான். சாமோ அவனை ஒரு கணமும் நம்புவதில்லை. அவனது ஐயம் சரியானதே. கோல்லம் துரோகம் செய்யத்தான் போகிறான். ஆனால் சரியான ஐயமும் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதை அடுத்த காட்சி காட்டுகிறது.

சிரித் உங்கோல் மலைப்படிகளில் ஃபுரோடோ சாமின் மடியில் தலைவைத்து உறங்குகிறான். சாமும் கண்ணயர்ந்துவிடுகிறான். ஷீலோப் என்னும் பெருஞ்சிலந்தியிடம் இவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிய கோல்லம், இருவரும் உறங்குவதைக் காண்கிறான். அவன் முகம் மாறுகிறது. களைத்துப்போன ஒரு கிழவனைப் போல, தயங்கித் தயங்கி ஃபுரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்தக் கணத்தில் அவன் திருந்தியிருக்கக்கூடும்.

அப்போது சாம் விழித்துக்கொள்கிறான். தன் எசமானைக் கோல்லம் தொடுவதைக் கண்டு கடுமையாகப் பேசுகிறான். களவாகப் பதுங்கி வந்தவன் என்று பொருள்பட ஏசுகிறான். கோல்லத்தின் முகம் பழையபடி மூடிக்கொள்கிறது. அந்தக் கணம் பிறகு வரவே இல்லை.

இப்புதினத்தின் மிகத் துயரமான இடங்களுள் ஒன்றாக டோல்கீன் இதைக் கருதினார். 1963இல் எழுதிய கடிதம் ஒன்றில், கோல்லத்தின் குரலும் தோற்றமும் மாறியதைச் சாம் கவனிக்கத் தவறியதால் அவன் மனந்திருந்தும் வாய்ப்பு அழிந்தது என்று விளக்குகிறார். சாமிடம் தன்னிறைவும், தான் அறிந்ததே போதும் என்ற எண்ணமும் இருந்ததையும் அதே கடிதத்தில் சுட்டுகிறார். ஒருவனிடம் கொண்ட அன்பு அளவற்றதாகும்போது, மற்றவனைக் காணவிடாமல் அதுவே கண்ணை மறைக்கிறது.

தனியே எடுத்த முடிவு

ஷீலோபின் குகையில் கதை முழுவதும் சாமின் தோளில் இறங்குகிறது. சிலந்தி ஃபுரோடோவைக் கொட்டி நூலால் சுற்றிவிடுகிறது. ஃபுரோடோவின் வாளை எடுத்து, தன்னைப் போலப் பல மடங்கு பெரிய அந்த உயிரைச் சாம் எதிர்க்கிறான். கலாட்ரியல் கொடுத்த ஒளிக்குப்பியை உயர்த்துகிறான். காயம்பட்ட ஷீலோப் பின்வாங்குகிறது.

இந்த வெற்றியைவிடக் கடினமானது அடுத்து வருகிறது. ஃபுரோடோ அசைவற்றுக் கிடக்கிறான். இறந்துவிட்டான் என்று சாம் முடிவு செய்கிறான். கோல்லத்தைத் தேடிப் பழிவாங்கலாமா, தானும் உயிரை விடலாமா என்ற எண்ணங்கள் வருகின்றன. இரண்டாலும் பயனில்லை என்று தள்ளுகிறான். பணி நிற்கக்கூடாது, மோதிரத்தைத் தான் எடுத்துச் செல்லவேண்டும். தான் இதற்குத் தகுதியானவன் இல்லை என்று தோன்றினாலும், அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. அதுவரை ஃபுரோடோ சொன்னதைச் செய்தவன் முதன்முறையாகத் தானே ஒரு முடிவை எடுக்கிறான்.

அந்த முடிவு தவறான செய்தியின் மேல் எடுக்கப்பட்டது. ஆர்க்குகள் என்னும் எதிரிப்படையினர் பேசுவதை மறைந்திருந்து கேட்டு, ஃபுரோடோ நஞ்சால் மயங்கியிருக்கிறானே தவிர இறக்கவில்லை என்று சாம் அறிகிறான். அதற்குள் அவர்கள் ஃபுரோடோவைக் கோட்டைக்குத் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள். சாம் தன்னையே நொந்துகொள்கிறான். ஆனால் அவன் மோதிரத்தை எடுக்காமல் இருந்திருந்தால் அது ஆர்க்குகள் கையில் சிக்கி, சவுரோனைச் சென்று சேர்ந்திருக்கும். பிழையான கணிப்பில் எடுத்த முடிவே பயணத்தைக் காப்பாற்றியது.

மோதிரம் காட்டிய ஆசை

மோதிரம் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆசைக்கு ஏற்ற கனவைக் காட்டும். மோர்டோரின் எல்லையில் நிற்கும் சாமுக்கும் அது ஒரு கனவைக் காட்டுகிறது. அவன் மாவீரனாகிறான், எரியும் வாளுடன் இருண்ட நாட்டில் நடக்கிறான், அழைத்தவுடன் படைகள் திரள்கின்றன, பாழ்நிலமாகிய கோர்கோரோத் சமவெளி அவன் ஆணையால் பூக்களும் மரங்களும் நிறைந்த தோட்டமாகிறது. தோட்டக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தூண்டில் இருக்க முடியாது.

சாமை இரண்டு காக்கின்றன. ஒன்று, ஃபுரோடோவிடம் அவன் கொண்ட அன்பு. மற்றொன்று, ஹாபிட்டுக்கே உரிய எளிய நடைமுறை அறிவு. ஒரு நாடளவு தோட்டம் தனக்குத் தேவையில்லை. தன் கையால் பயிரிடக்கூடிய சிறு தோட்டம் போதும். பிறர் கைகளை ஏவி வேலை வாங்கத் தான் பிறக்கவில்லை என்று அவன் தெளிகிறான். தன் அளவை அறிந்திருப்பதே இங்கே பெரும் வலிமையாகிறது.

கோட்டையில் ஃபுரோடோவை மீட்டபின் சாம் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். சற்றுத் தயங்குகிறான்; சுமையைப் பகிர்ந்துகொள்ளலாமா என்றும் கேட்கிறான். மோதிரத்தின் பிடியில் இருக்கும் ஃபுரோடோ அவனைத் திருடன் என்று ஏசிவிட்டு, உடனே வருந்துகிறான். சாம் மனம் புண்பட்டாலும் கோபிக்கவில்லை. மோதிரத்தைச் சுமந்தவர்களுள் தாமாக அதை விட்டுக்கொடுத்தவர்கள் பில்போவும் சாமும்தான்.

டூம் மலை

மோர்டோரில் தண்ணீரும் உணவும் குறைகின்றன. கணக்குப் பார்க்கும் பழக்கமுள்ள சாமுக்கு ஓர் உண்மை தெரிகிறது: இருக்கும் உணவு மலை வரை செல்லத்தான் போதும், திரும்பி வருவதற்கு இல்லை. தான் செய்யவேண்டியதாக உணர்ந்த காரியம் இதுதானோ, ஃபுரோடோவுடன் கடைசி அடி வரை சென்று அவனுடன் மடிவதுதானோ என்று எண்ணுகிறான். நம்பிக்கை அற்றுப்போகும் அந்த இடத்தில் அவன் உறுதி மேலும் இறுகுகிறது. சுமையைக் குறைக்க, அவ்வளவு தூரம் கொண்டுவந்த சமையல் பாத்திரங்களை ஒரு பிளவில் எறிகிறான். அவை உருண்டு விழும் ஓசை அவன் நெஞ்சைப் பிளக்கிறது. வீடு திரும்பிச் சமைத்து உண்ணும் நாள் இனி இல்லை என்று ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

மலைச்சரிவில் ஃபுரோடோவால் நடக்க முடியாமல் போகிறது. மோதிரத்தைத் தான் சுமக்க முடியாது என்றாலும் அதைச் சுமப்பவனைச் சுமக்க முடியும் என்று சாம் அவனை முதுகில் ஏற்றிக்கொள்கிறான். தாங்க முடியாத பாரமாக இருக்கும் என்று அஞ்சியவனுக்கு, குழந்தையைத் தூக்குவது போல எளிதாக இருக்கிறது. பல திறனாய்வாளர்கள் சாமின் வீரத்துக்கு உச்சமாக இக்காட்சியைக் கருதுகின்றனர்.

ஆனால் அவனது அகப்பயணத்தின் உச்சம் இதற்குச் சற்றுப் பின்னர் வருகிறது. கோல்லம் வழிமறித்துத் தாக்குகிறான். ஃபுரோடோ மேலே சென்றுவிட, வாளேந்திய சாமின் முன் கோல்லம் தரையில் கிடக்கிறான். கொல்வதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது, தடுக்க யாருமில்லை. சாமால் முடியவில்லை. சிறிது நேரமே மோதிரத்தைச் சுமந்திருந்தாலும், அது மனத்தை என்ன செய்யும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். அந்த நொந்த உயிரின் வேதனையை மங்கலாகவேனும் உணர்ந்து, போய்விடு என்று விரட்டிவிடுகிறான்.

இந்த இரக்கத்தின் விளைவு உடனே தெரிகிறது. எரிமலையின் விளிம்பில் ஃபுரோடோ தோற்றுப்போகிறான்; மோதிரத்தை அழிக்க மறுத்துத் தனக்கே உரிமை கொண்டாடுகிறான். பின்தொடர்ந்து வந்த கோல்லம் ஃபுரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரம் அழிகிறது. சாம் அவனைக் கொன்றிருந்தால் பயணம் தோற்றிருக்கும். மலைப்படிகளில் சாம் காட்டத் தவறிய இரக்கம் கோல்லத்தைக் காப்பாற்றியிருக்கலாம். மலைச்சரிவில் காட்டிய இரக்கம் உலகத்தைக் காப்பாற்றியது. முன்னதற்கு இது ஈடாகாது. எனினும் சாம் மாறிவிட்டான் என்பதற்கு இதுவே சான்று.

திரும்புதல்

நால்வராகப் புறப்பட்ட ஹாபிட்டுகள் ஷயருக்குத் திரும்பும்போது கலாட்ரியலின் கண்ணாடி காட்டியது ஓரளவு நடந்திருப்பதைக் காண்கிறார்கள். கொடியவர் ஆட்சியில் மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பழைய வீடுகள் இடிக்கப்பட்டிருக்கின்றன. மக்களைத் திரட்டி அவர்களை விரட்டிய பின், சாமின் பெட்டி திறக்கிறது. கலாட்ரியல் பிற வீரர்களுக்கு வேறு பரிசுகள் தந்தபோது, தோட்டக்காரனுக்குத் தன் தோட்டத்து மண்ணும் ஒரு விதையும் அடங்கிய சிறு பெட்டியைத் தந்திருந்தார். மரம் அழிந்த இடங்களில் எல்லாம் சாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த மண்ணில் ஒரு துகளை இடுகிறான். எல்லாவற்றையும் தன் வீட்டுத் தோட்டத்திலேயே கொட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு, ஷயர் கணக்கில் 1420, என்றும் இல்லாத விளைச்சல் ஆண்டாக அமைகிறது. நாயகன் ஊருக்குக் கொண்டுவரும் பயன் என்று கேம்பல் சொன்னது சாமின் கதையில் ஒரு பெட்டி மண்ணாக இருக்கிறது.

சாம் தான் விரும்பிய ரோஸி காட்டனை மணக்கிறான். பதின்மூன்று பிள்ளைகள் பிறக்கின்றனர். ஏழு முறை ஷயரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். பிள்ளைகளின் குடும்பப் பெயர் 'தோட்டக்காரர்' என்று பொருள்படும் 'கார்ட்னர்' என்றாகிறது. ஒரு காலத்தில் பணியாளைக் குறித்த சொல், நாட்டின் மதிப்புக்குரிய குடும்பத்தின் பெயராகிறது.

ஃபுரோடோவின் காயங்களோ ஆறுவதில்லை. ஷயரைக் காத்தவன் அங்கே வாழ முடியாமல், மேற்குக் கடலுக்கு அப்பால் செல்லும் கப்பலில் ஏறுகிறான். தான் எழுதிய வரலாற்று நூலின் கடைசிப் பக்கங்களைச் சாம் எழுதுவதற்காக விட்டுச் செல்கிறான். சாம் வீடு திரும்புகிறான். விளக்கு எரிகிறது, இரவு உணவு ஆயத்தமாக இருக்கிறது, ரோஸி குழந்தையை அவன் மடியில் வைக்கிறாள். திரும்பி வந்துவிட்டதாக அவன் சொல்லும் சிறு வாக்கியத்துடன் புதினம் முடிகிறது. நாயகன் போன பிறகு, கதையை முடித்துவைக்கும் குரல் துணைவனுடையது. ரோஸியின் மறைவுக்குப் பின் சாமும் கடல் கடந்து சென்றதாகப் பின்னிணைப்பு கூறுகிறது.

முதன்மை நாயகன் யார்?

1951இல் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் டோல்கீன் சாமையே முதன்மை நாயகன் என்று குறிப்பிட்டார். சாமும் ரோஸியும் கொண்ட எளிய அன்பு அவனது பாத்திரத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது என்றும் அதில் எழுதினார். மூச்சுவிடுதல், உண்ணுதல், உழைத்தல், பிள்ளை பெறுதல் போன்ற அன்றாட வாழ்வுக்கும், பெரும் தியாகங்களுக்கும் இடையிலான தொடர்பைக் காட்டுவது அவரது நோக்கமாக இருந்தது. எதைக் காப்பதற்காகப் போர் என்ற கேள்விக்குச் சாமின் சமையலறையே விடை.

சாமைக் குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. எசமான், பணியாள் என்னும் ஏற்றத்தாழ்வை இப்பாத்திரம் இயல்பானதாகக் காட்டுகிறது என்று சில திறனாய்வாளர்கள் கூறுகின்றனர். சாம் கடைசி வரை 'மிஸ்டர் ஃபுரோடோ' என்றே அழைக்கிறான். ஃபுரோடோ அவனைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறான். இது அக்கால ஆங்கில சமூகத்தின் வகுப்புப் பிரிவைக் காட்டுவது உண்மையே. அதே வேளையில், போர் முடிந்தபின் அரசன் அரகோர்ன் இருவர் முன்னும் மண்டியிட்டு, இருவரையும் அரியணையில் அமர்த்துகிறான். ஃபுரோடோ தன் வீட்டையும் உடைமையையும் சாமுக்கே விட்டுச் செல்கிறான். அழைக்கும் முறை மாறாவிட்டாலும், கதை இருவருக்கும் இடையிலான உயர்வு தாழ்வைப் படிப்படியாகக் கரைக்கிறது.

திரைப்படத்தில் சாம்

பீட்டர் ஜாக்சன் இயக்கி 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்களில் ஷான் ஆஸ்டின் சாமாக நடித்தார். படம் மட்டும் பார்த்த மாணவர்கள் சில வேறுபாடுகளை அறிந்துகொள்வது நல்லது. மூன்றாம் படத்தில் கோல்லத்தின் சூழ்ச்சியால் ஃபுரோடோ சாமை மலைப்படிகளில் இருந்து திருப்பி அனுப்புகிறான். நூலில் அப்படி ஒன்று நடக்கவில்லை. நூலில் அந்த இடத்தில்தான் கோல்லம் திருந்த நெருங்கிய காட்சி வருகிறது. இறந்த எதிரி வீரனைப் பற்றிய எண்ணம் நூலில் சாமுடையது. படத்தில் அது ஃபராமிர் என்னும் தலைவனின் வாயில் வருகிறது. ஷயரை மீட்கும் போராட்டம் படத்தில் இடம்பெறவில்லை. எனவே திரைப்படத்தின் சாம் தவறே செய்யாதவனாகவும், நூலின் சாம் தவறு செய்து திருந்துபவனாகவும் தோன்றுகிறார்கள்.

பிற படைப்புகளில்

துணைப் பாத்திரம் தன் பயணத்தால் நாயகனாக உயர்வதை, 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஜே. கே. ரௌலிங்கின் 'ஹாரி பாட்டர்' நூல்களில் வரும் நெவில் லாங்பாட்டமிடமும் காணலாம். மறதிக்காரன் என்று கேலிக்கு ஆளான நெவில், இறுதி நூலில் பள்ளியில் இருந்தபடியே எதிர்ப்பை நடத்துகிறான். வோல்டெமார்ட்டின் பாம்பை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். நெவிலின் பயணம் அச்சத்தில் இருந்து துணிவுக்குச் செல்வது. சாமுக்குத் துணிவு தொடக்கத்திலேயே இருந்தது. அவன் கற்றுக்கொண்டது, தான் நேசிக்காத ஒருவனின் வேதனையையும் காண்பதற்கு.

இத்தகைய பாத்திரங்களைப் படிக்கும்போது, அவர்கள் நாயகனுக்கு எவ்வளவு உதவினார்கள் என்று மட்டும் பார்ப்பது போதாது. நாயகன் அருகில் இல்லாதபோது அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். சாமின் வாழ்வில் அப்படிப்பட்ட கணங்கள் சிலவே. ஷீலோபின் குகையிலும், மோர்டோரின் எல்லையிலும், மலைச்சரிவில் கோல்லத்தின் எதிரிலும் அவன் தனியாக நின்றான். அந்த மூன்று இடங்களிலும் அவன் எடுத்த முடிவுகளின் மேலேயே ஃபுரோடோவின் பயணம் நிற்கிறது.